வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் கடற்காகம் பார்க்க: காரைக்குடியிலிருந்து ஒரு நாள் குழுப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் பறவை பார்க்கப் போகலாம் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது திருப்பத்தூர்ப் பக்கம்தான். வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் கூட்டமாகக் கூடுகட்டும். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பறவைகள் மிரளக்கூடாது என்று அங்குள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்ட அதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் கடற்காகம், அதாவது ஆங்கிலத்தில் 'கல்' (gull) எனப்படும் கடற்பறவை, பார்க்க விரும்புகிறவர்கள் எதிர்த்திசையில், கிழக்கே போக வேண்டும்.

நகரத்தார் நாட்டுக்குப் பழைய எல்லை சொல்லும்போது வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்பார்கள். நம் ஊர்களுக்கு நடுவே ஓடும் தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு எல்லாம் ஆண்டில் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகத்தான் கிடக்கின்றன. மழைக்காலத்தில் வரும் தண்ணீரையும் கண்மாய்கள் வாங்கிக்கொள்கின்றன. அந்த ஆற்றுப்படுகைகளில் கடற்காகத்தைத் தேடுவது வீண். வடக்கு எல்லையான தெற்கு வெள்ளாறு மணமேல்குடி அருகே பாக் நீரிணையில் சேர்கிறது. மேலே ஆறு வறண்டு கிடந்தாலும் முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சேறும் மணல்திட்டும் சிறுமீனும் அங்கே இருக்கின்றன, கடற்காகமும் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பயணத்துக்கு ஒரு விதியை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடற்காகம் பார்ப்பது நின்று செய்கிற வேலை, நடந்து தேடுகிற வேலை அல்ல. காட்டுக்குள் சின்னக் குருவியைப் பார்க்கப் போனால் முன்னால் போகிற இரண்டு பேர் பார்ப்பார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அசைந்த கிளைதான் மிஞ்சும். முகத்துவாரத்தில் அப்படியில்லை. சரியான இடத்தில், சரியான நேரத்தில் போய் நின்றுவிட்டால் பதினைந்து பேரும் ஒரே பறவையை அரை மணி நேரம் பார்க்கலாம். கீழே சொல்லப்போகிற ஏற்பாடுகள் எல்லாம் அந்த இடத்தையும் நேரத்தையும் பிடிப்பதற்குத்தான்.

முதல் வேலை: நாள் குறிப்பது

இந்தப் பறவைகள் இங்கே குஞ்சு பொரிப்பவை அல்ல. நம் கரையில் அதிகம் தென்படும் பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் முதலான மத்திய ஆசிய மேட்டு நிலங்களின் ஏரிக்கரைகளில் கூடுகட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு மட்டும் தெற்கே வருகிறது. ஐப்பசியில் வரத் தொடங்கிப் பங்குனி, சித்திரை வாக்கில் திரும்பிவிடும். மே மாதக் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் வெறும் கடலைத்தான் பார்த்து வர வேண்டும்.

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். பாதை சேறாகும், வண்டி இறங்காது, வானமும் இருண்டு கிடக்கும். மார்கழி பாதிக்கு மேல் மாசி முடியும் வரை நல்ல பருவம். எனக்கு மாசிதான் பிடிக்கும். அதற்குள் மழை ஓய்ந்து பாதை காய்ந்திருக்கும். குளிர்காலம் முழுக்க வெள்ளைத் தலையோடு இருந்த பறவைகள் சிலவற்றுக்குத் தலையில் பழுப்பு நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். பாதித் தலை வெளுத்தும் பாதித் தலை பழுத்தும் நிற்கிற பறவையைப் பார்த்தால் இறகு உதிர்ந்து மாறுவது என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

தை மாதத்தில் நாள் குறிப்பவர்கள் நாட்காட்டியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டி வீட்டுக்கு ஒருவராவது பழநிக்கு நடந்துகொண்டிருப்பார், குழு சேராது. முகூர்த்த நாள்களில் வேன் கிடைக்காது. தை அமாவாசையன்று மணமேல்குடிக் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் திரளும், அன்றைக்குப் பறவை பார்க்கப் போவது இரு தரப்புக்கும் இடைஞ்சல். பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள விரும்பினால் அந்த நான்கு நாளில் ஒன்றைக் குறிக்கலாம். விடுமுறையும் கிடைக்கும், உங்கள் பட்டியலும் பெரிய கணக்கில் சேரும்.

இரண்டாவது: வெயிலையும் ஓதத்தையும் சேர்த்துப் பார்ப்பது

பறவை பார்ப்பதற்கு விடியற்காலைதான் உகந்தது என்பது பொதுவான பேச்சு. நம் கடற்கரைக்கு அது பொருந்தாது. கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் முகத்துவாரத்தில் நின்று கடலைப் பார்த்தால் சூரியன் நேரே கண்ணில் குத்தும், அதன் முன்னால் நிற்கிற பறவை எல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். அலகின் நிறம், கால் நிறம், கண் நிறம் எதுவும் பிடிபடாது. கடற்காகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இவை வேண்டும். ஆகவே முகத்துவாரத்துக்குப் பிற்பகலில் போய்ச் சேருங்கள். இரண்டரை மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும்.

அப்படியானால் காலையில் என்ன செய்வது? கண்மாய்க்குப் போகலாம். நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் கண்மாய்க்குக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் எடுத்திருப்பார்கள். காலை ஏழு மணிக்குக் கரையில் ஏறி நின்றால் வெயில் முதுகில், தண்ணீர் எதிரே. மதியத்துக்கு மேல் கடற்கரைக்குப் போனாலும் வெயில் முதுகில்தான். கண்மாய் வெட்டியவர்கள் பறவை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து வெட்டவில்லை என்றாலும் பலன் நமக்குத்தான்.

அடுத்து ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்காது, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை மிகத் தட்டையாக இருப்பதால் அந்தச் சிறு வித்தியாசத்துக்கே தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கும். முழுக்க வற்றியிருக்கும் நேரத்தில் பறவைகள் சேற்றுவெளி எங்கும் சிதறி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஏற ஏற அவை பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியாக மிஞ்சியிருக்கும் மணல்திட்டில் நெருக்கியடித்து நிற்கும். நாம் பார்க்க வேண்டியது அந்த நேரத்தைத்தான். ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போய் இடம்பிடித்துவிட வேண்டும்.

ஏற்றம் எப்போது என்று தெரிந்துகொள்வது எளிது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலவரத்தையும் ஓத நேரத்தையும் இணையத்தில் தருகிறது. நாளுக்கு நாள் ஏற்ற நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பது நினைவிருந்தால் ஒரு நாளின் நேரத்தை வைத்து அந்த வாரம் முழுவதையும் கணக்குப் போட்டுவிடலாம். மாலை நான்கு, ஐந்து மணிக்கு ஏற்றம் உச்சத்தில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குறித்துவிடுங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் மணமேல்குடிக் கரையில் யாராவது மீனவப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வாடைக்காற்று பலமாக அடித்தால் தண்ணீர் அட்டவணைப்படி நடக்காது.

மூன்றாவது: முன்னோட்டம்

குழுவோடு போவதற்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேர் மட்டும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து வர வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் முகத்துவாரத்தின் வடிவம் மாறும். போன ஆண்டு பறவை நின்ற திட்டு இந்த ஆண்டு கரைந்துபோயிருக்கும், புதிதாக ஒன்று வேறு பக்கம் முளைத்திருக்கும். வேன் எதுவரை போகும், எந்த இடத்தில் மணலில் சக்கரம் புதையும், வயதானவர்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும், நிழல் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னோட்டம் போகிறவர்கள் பேசி வர வேண்டிய ஆள்களும் உண்டு. கரையில் வலை காயப்போடுகிறவர்களிடம், "அண்ணே, வர்ற ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் பறவை பார்க்க வருகிறோம், எங்கே நின்றால் உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது?" என்று கேட்டுவிட்டால் போதும். எந்தத் திட்டில் பறவை இறங்குகிறது என்பதையும் அவர்களே காட்டிவிடுவார்கள். இது நாட்டின் எல்லைக் கடற்பகுதி. பெரிய தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தைக் கண்டால் கடலோரக் காவல் படையினர் வந்து விசாரிப்பது இயல்பு. முன்கூட்டியே உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். பயணத்தன்று பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை வைத்திருக்கட்டும். ட்ரோன் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையிலான கடற்பகுதி 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 448 சதுர கிலோமீட்டர். மணமேல்குடிக் கடலும் அதற்குள்தான் வருகிறது. கரையிலிருந்து பறவை பார்ப்பதற்குத் தடை ஒன்றுமில்லை. படகு ஏறிக் கடலுக்குள் போக நினைத்தால் மட்டும் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளாமல் போகாதீர்கள்.

நான்காவது: குழுவும் பொறுப்புகளும்

பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் நல்ல அளவு. ஒரு வேனில் அடங்கிவிடும். இருபதைத் தாண்டினால் பேச்சுச் சத்தமும் தாண்டிவிடும். கூட்டம் வேண்டும் என்பதற்காக ஆள் சேர்க்காதீர்கள்.

மூன்று பொறுப்புகளை முன்கூட்டியே பிரித்துக் கொடுங்கள். ஒருவர் வழிநடத்துபவர், எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்று அவர் சொல்வதுதான் முடிவு. ஒருவர் கடைசி ஆள், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. சேற்றுக்கரையில் இந்தப் பொறுப்பு வேடிக்கையல்ல. ஒருவர் ஏடு எழுதுபவர். பறவையை நன்றாக அறிந்தவரிடம் ஏட்டைக் கொடுக்காதீர்கள், அவர் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். எண்ணிக்கையைத் தெளிவாகக் கேட்டு எழுதும் பொறுமை இருந்தால் போதும். கணக்குப்பிள்ளை வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் யாராவது குழுவில் இருந்தால் அவரைவிட்டால் வேறு ஆள் தேட வேண்டாம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளும் இதை அழகாகச் செய்வார்கள்.

ஆடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். தலைக்குத் தொப்பியோ துண்டோ, காலுக்கு நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு. சேற்றில் வெறுங்காலோடு இறங்கக்கூடாது, சிப்பி ஓடு கிழித்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கழிப்பறை வசதி கரையில் இருக்காது என்பதைப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போகும்போதும் வரும்போதும் அறந்தாங்கியில் நிறுத்துவதைப் பயணத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இதைச் சொல்லத் தயங்குகிற குழுக்களில் பெண்கள் அடுத்த முறை வருவதில்லை.

ஐந்தாவது: தொலைநோக்கியைச் சரிசெய்வது

எல்லோரிடமும் இருநோக்கி, அதாவது பைனாகுலர், இருக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு ஒன்று போதும். 8×42 அளவு வாங்குங்கள் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம்). 10×50 இன்னும் பெரிதாகக் காட்டும்தான், ஆனால் கனமும் கை நடுக்கமும் அதில் கூடுதல். முகத்துவாரத்தில் தூரம் அதிகம் என்பதால் குழுவுக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும், அதாவது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பெரிய தொலைநோக்கியும், அதை நிறுத்த முக்காலியும் இருந்தால் நாளே மாறிவிடும்.

இருநோக்கியை முதன்முதலாகக் கையில் வாங்கியவர்கள், "ஒன்றும் தெரியவில்லையே, மங்கலாக இருக்கிறதே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குறை கருவியில் இருக்காது, கண்ணுக்கேற்ப அதைச் சரிசெய்திருக்க மாட்டார்கள். வேன் கிளம்புவதற்கு முன் காரைக்குடியிலேயே இதை முடித்துவிடுங்கள். எதிரே தெரியும் கடைப் பலகையில் ஓர் எழுத்தைப் பாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். இப்போது இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பார்த்து, வலது குழாயில் கண் வைக்கும் இடத்தருகே உள்ள வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாதீர்கள். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் அன்று முழுக்க நடுச்சக்கரம் ஒன்றையே திருப்பினால் போதும். கண்ணாடி அணிபவர்கள் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுக் கண்ணாடியோடே பார்க்கலாம்.

பறவையைக் கருவிக்குள் கொண்டுவருவதற்கும் முறை உண்டு. கண்ணைப் பறவையை விட்டு எடுக்காமல் கருவியை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்து, நிமிர்ந்து பறவையைத் தேடினால் அது கிடைக்காது.

ஆறாவது: காலை, கண்மாயில்

காரைக்குடியிலிருந்து ஆறரை மணிக்குக் கிளம்பினால் கண்டனூர், புதுவயல் வழியாக அறந்தாங்கிச் சாலையில் பெரிய கண்மாய் ஒன்றில் ஏழு மணிக்கு நிற்கலாம். எந்தக் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், முன்னோட்டம் போனவர்கள் பார்த்து வைத்திருப்பார்கள். மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கமாகக் கரையில் ஏறுங்கள். தண்ணீர் தேங்கும் உள்வாய்க்குள் இறங்க வேண்டாம்.

இங்கே கடற்காகம் இருக்காது. அது தெரிந்துதான் நிறுத்துகிறோம். கண்மாய்க்கு மேல் மீசை ஆலாக்கள் (ஆலாவுக்கு ஆங்கிலத்தில் டெர்ன்) தாழப் பறந்துகொண்டிருக்கும். ஆலாவை இங்கே நன்றாகப் பார்த்துவிட்டால் மாலையில் கடற்காகத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டோம். முதல்முறை வருகிறவர்கள் அத்தனை பேரும் ஆலாவைத்தான் கடற்காகம் என்கிறார்கள். இரண்டும் வெள்ளையும் சாம்பலுமாக, தண்ணீர்மேல் பறப்பவைதாம்.

பறக்கும் ஆலா அலகைக் கீழ்நோக்கி வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போகும். கடற்காகத்தின் அலகு நேராக முன்னால் நீட்டியிருக்கும். ஆலாவுக்குச் சிறகு ஒடுங்கிக் கூர்ந்திருக்கும், வாலில் பிளவு தெரியும். கடற்காகத்தின் சிறகு அகலம், வால் விசிறிபோல மழுங்கியது. ஆலா தண்ணீரில் உட்கார்ந்து மிதப்பது அபூர்வம், கடற்காகம் மணிக்கணக்கில் மிதக்கும். பத்து நிமிடம் எல்லோரும் ஒரே ஓர் ஆலாவைப் பின்தொடர்ந்து பாருங்கள். அது காற்றில் நின்று, சரிந்து, தண்ணீர்மேல் எதையோ கொத்திக்கொண்டு எழுவது கண்ணில் பதிந்துவிட்டால் காலை வேலை முடிந்தது.

பிறகு கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம். இடியாப்பமும் கோசமல்லியும் தூக்குவாளியில் கொண்டுவருகிற ஆச்சி குழுவில் இருந்தால் அவர் சொல்லுக்கு வழிநடத்துபவரும் கட்டுப்பட வேண்டும். மதியத்துக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் போதும்.

ஏழாவது: முகத்துவாரத்தில் நிற்பது

அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்கு மதியம் வந்து சேர்ந்து, சாப்பிட்டு, நிழலில் இளைப்பாறிவிட்டு இரண்டரைக்குக் கரைக்கு வாருங்கள்.

பறவை நிற்கிற திட்டு தெரிந்ததும் எல்லோருக்கும் கால் தானாக முன்னால் போகும். அங்கேயே நிறுத்த வேண்டும். பறவைகள் தலையை நிமிர்த்தி, உடலை ஒடுக்கி, ஒரே பக்கமாக நகரத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்வாங்குங்கள். தண்ணீர் ஏறும்போது அவை தாமாகவே உங்கள் பக்கம் வரும். கூட்டத்தை எழுப்பிவிட்டுப் பறப்பதைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர் குழுவுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை ஓய்வெடுக்கும் நேரம் அது என்று அவரிடம் சொல்லுங்கள், கேட்காவிட்டால் கேமராவை வாங்கி வையுங்கள்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனியுங்கள். கடற்காகங்கள் எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும், இல்லாவிட்டால் இறகு கலைந்துவிடும். வாடை அடித்தால் எல்லாம் வடக்கு நோக்கி நிற்கும். மேற்கே நிற்கிற நமக்கு அவற்றின் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும். அடையாளம் காண அதுதான் வேண்டும்.

ஸ்கோப்பை ஒருவர் ஒரே பறவைமீது நிறுத்தட்டும். வரிசையில் ஆளுக்கு அரை நிமிடம். முக்காலியைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். தொட்டால் நகர்ந்துவிடும், அடுத்தவருக்கு வெறும் மணல்தான் தெரியும். குழந்தைகளையும் குள்ளமானவர்களையும் முன்னால் விட்டு, உயரத்தை அவர்களுக்கேற்ப ஒருமுறை இறக்கிவைத்தால் உயரமானவர்கள் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். அதே ஒரு பறவையை எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த பறவை.

எட்டாவது: எது எந்தக் கடற்காகம்

குளிர்காலத்தில் தலை நிறத்தை நம்பாதீர்கள். பழுப்புத்தலைக்கும் கருந்தலைக்கும் அப்போது தலை வெள்ளைதான், கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். கூட்டத்தில் பெரும்பான்மை பழுப்புத்தலைக் கடற்காகமாகவே இருக்கும் என்பதால் முதலில் அதை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஊர்க் காக்கையைவிடச் சற்றே பெரிய பறவை. முதுகு வெளிர்சாம்பல். அலகும் காலும் சிவப்பு, அலகு நுனி கறுப்பு. வளர்ந்த பறவைக்குக் கண் வெளுத்திருக்கும், அதனால் ஒரு முறைப்பு முகத்தில் தெரியும். சிறகை விரித்தால் நுனி பெரிய கறுப்புத் திட்டாக இருக்கும், அதற்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

கருந்தலைக் கடற்காகம் இதனிடையே கலந்து நிற்கும். அது சற்றுச் சிறியது, அலகு மெலிந்தது, கண் கறுப்பு. பறக்கும்போதுதான் சந்தேகம் தீரும். சிறகின் முன்விளிம்பு நுனிவரை வெள்ளைப் பட்டையாக ஓடும், கறுப்பு ஓரத்தில் மட்டும் இருக்கும். ஆகவே நிற்கிற பறவையை வைத்துச் சண்டை போடாமல் அது சிறகு விரிக்கும் வரை பொறுத்திருங்கள். பறவை எப்படியும் சோம்பல் முறிக்கும். ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் சேர்த்து நீட்டும் அந்த ஒரு கணம் போதும்.

இளம்பறவைகள்தாம் குழப்பும். சிறகின் மேல் பழுப்புத் திட்டுகள், வால் நுனியில் கறுப்புப் பட்டை, மங்கிய கால். கண் வெளுப்பையும் சிறகு நுனிப் புள்ளியையும் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. தெரியாவிட்டால் ஏட்டில் 'கடற்காகம், இனம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. ஊகித்து எழுதிய பெயர்தான் பட்டியலைக் கெடுக்கும். மெர்லின் செயலி படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரையும் இதில் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு பறவை மட்டும் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக நின்றால் அது பெரிய கருந்தலைக் கடற்காகமாக இருக்கலாம். மஞ்சள் அலகு, நுனிக்கருகே கறுப்பு வளையம், மஞ்சள் கால், சரிந்த நெற்றி. மாசி வாக்கில் அதன் தலை முழுக்கக் கறுத்துவிடும், அப்போது குழந்தைகூடக் காட்டிவிடும். அது முழு வளர்ச்சி நிறத்துக்கு வர நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் வயதுக்கொரு தோற்றம் உண்டு. அதே பருமனில், முதுகு அடர்சாம்பலாக, மஞ்சள் அலகின் கீழ்ப்பக்கம் சிவப்புப் பொட்டோடு நின்றால் அது ஹியூக்ளின் கடற்காகம். மெல்லிய அலகுக் கடற்காகம் இந்தக் கரையில் அரிது. நீண்ட கழுத்தும் அலகும், எந்தப் பருவத்திலும் கறுக்காத தலையும் கொண்டது. கண்டதாக யாராவது சொன்னால் படம் இல்லாமல் எழுத வேண்டாம்.

பெயர் தெரிந்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுவது எல்லாக் குழுவுக்கும் உள்ள வழக்கம். நான் எதிர்க்கட்சி. பெயர் தெரிந்த பிறகு கால் மணி நேரம் அதே பறவையைப் பாருங்கள். ஸ்கோப்பில் அலகின் நுனியை உற்றுப் பார்த்தால் சில சமயம் ஒரு சொட்டு நீர் திரண்டு நிற்கும், பறவை தலையை உதறி அதைத் தள்ளும். அது மூக்கொழுகல் அல்ல. கடல்நீரோடு உள்ளே போன உப்பைக் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி பிரித்து, மூக்குத் துளை வழியாக வெளியே விடுகிறது. ஆழமில்லாத நீரில் நிற்கும் பறவை நின்ற இடத்திலேயே இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் சேற்றை மிதிப்பதையும் பார்க்கலாம். அடியிலுள்ள புழுவும் பூச்சியும் கலங்கி மேலே வர, குனிந்து கொத்தும். ஆலா மீனோடு எழுந்தால் பின்னாலேயே துரத்திப் போய் அதைக் கீழே போடவைத்துப் பறித்துக்கொள்ளும் வழிப்பறியும் உண்டு. இதில் ஒன்றைப் பார்த்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த பயணத்துக்கு அழைப்பு தேவையில்லை.

காலில் வண்ண வளையமோ உலோக வளையமோ தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்து, படம் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இட்டு ஆராய்ந்து வருகிறவர்கள் அவர்கள்.

எண்ணுவது

முந்நூறு பறவையை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. ஓரத்தில் பத்துப் பறவையைச் சரியாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவில் பத்துப் பத்தாகத் தாண்டிப் போங்கள். மூன்று பேர் ஒருவர் விடையை ஒருவர் கேட்காமல் எண்ணி, ஏடு எழுதுபவரின் காதில் மட்டும் சொல்லட்டும். மூன்றும் அருகருகே வந்தால் நடுவில் உள்ளதை எழுதலாம். வெகுவாக விலகினால் மீண்டும் எண்ண வேண்டியதுதான். கண்மாய்க்கு ஒரு பட்டியல், முகத்துவாரத்துக்கு ஒரு பட்டியல், ஒவ்வொன்றிலும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இருக்கட்டும். உள்ளான், கோட்டான் (ஆந்தை அல்ல, கரைப்பறவை), உப்புக்கொத்தி, செம்பருந்து, வாய்த்தால் பூநாரை என்று கூட வந்தவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

மீன்பிடி தளத்தில் ஒரு மணி நேரம்

நேரம் மிச்சமிருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கோட்டைப்பட்டினம் அல்லது ஜெகதாப்பட்டினம் போகலாம். படகிலிருந்து மீன் இறக்கித் தரம் பிரிக்கும் இடத்தில் கழிவு மீனுக்காகக் கடற்காகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இறங்கும். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாள் பிரிந்திருக்கிறது, எந்த நாளில் எது கரை சேரும் என்று முன்னோட்டத்திலேயே கேட்டு வையுங்கள். அங்கே நாம்தான் விருந்தாளிகள். வலையை மிதிக்காதீர்கள், காயும் மீனைத் தாண்டாதீர்கள், ஆள்களைப் படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். டெல்லி யமுனைக் கரையில் ஓமப்பொடி வாங்கிக் கடற்காகத்துக்கு வீசுவார்கள், படம் அழகாக வரும். பறவைக்கு எண்ணெய்ப் பலகாரம் நல்லதல்ல, நாம் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

திரும்பும் முன்பும் பின்பும்

வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்தரைக்குக் கரையை விட்டுக் கிளம்புங்கள். கடைசி ஆள் தலையை எண்ணட்டும். மாசிக்குப் பிறகு போகிறவர்கள் மேட்டு மணலில் காலைப் பார்த்து வையுங்கள். சின்ன உப்புக்கொத்தி வெறும் மணலில் முட்டையிடும், முட்டையும் மணல் நிறத்திலேயே இருக்கும். கொண்டுபோன குப்பையோடு கரையில் கிடக்கும் அறுந்த நைலான் வலைத் துண்டுகளையும் ஒரு சாக்கில் அள்ளி வந்தால் நல்லது, பறவைக் காலில் சிக்குவது அதுதான்.

வேனிலேயே, நினைவு சூடாக இருக்கும்போது ஏட்டை உரக்கப் படித்துச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மறுநாளுக்குள் இரண்டு பட்டியலையும் பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிக் குழுவில் உள்ள எல்லோருக்கும் பகிர்ந்துவிடுங்கள். வேன் வாடகைக் கணக்கையும் அன்றே தீர்த்துவிட வேண்டும். மீனவர் எவராவது திட்டைக் காட்டி உதவியிருந்தால் அவருக்கு நல்ல படம் ஒன்றைக் கைப்பேசியில் அனுப்பி, எத்தனை பறவை எண்ணினோம் என்றும் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு திட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று முதலில் தெரிவிக்கப்போகிறவர் அவர்தான்.